மக்கள் நல்வாழ்வும் மக்கள் கருத்தும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் மருத்துவ நிலையங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் இரவுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அந்த ஐயம் எழாது. பிள்ளைகள் வராத நாள்கள் பலவும் அவர்கள் காய்ச்சலில் கிடந்த நாள்கள். அன்றேல் தாய் நோயுற்றிருக்க, தம்பி தங்கையரைக் காக்க வீட்டில் நின்ற நாள்கள். நோய் புகுந்த வீட்டில் முதலில் மூடப்படுவது பாடப்புத்தகமே. ஆதலின் கல்வியைப் பற்றிக் கவலை கொள்ளும் எவரும் நல்வாழ்வைப் பற்றிக் கவலை கொள்ளாதிருத்தல் இயலாது.

நல்வாழ்வு என்பது பரந்த பொருள். அதில் ஒரே ஒரு கூற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். ஊர்ப்புறத்துச் சுகாதார நிலையங்களில் அரசு மாற்றம் செய்ய முற்படுகையில், அம்மாற்றத்தின் பயனையோ பாதிப்பையோ அடையப்போகும் மக்களின் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்பதே அது. கேட்டல் என்றால் யாரைக் கேட்பது, எங்கே கேட்பது, எவ்வாறு கேட்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். இக்கேள்விகளுக்கு விடை சொல்லாமல் நடத்தப்பெறும் கருத்துக் கேட்பு, கேட்டதாகக் கணக்குக் காட்டும் சடங்காகவே முடியும்.

மாற்றங்கள் பலவகைப்படும். பழுதடைந்த துணைச் சுகாதார நிலையத்தை வேறிடத்திற்கு மாற்றுவது ஒன்று. இரு நிலையங்களின் பொறுப்பை ஒரே செவிலியரிடம் ஒப்படைப்பது மற்றொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்துவந்த பிரசவங்களைத் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, தடுப்பூசி நாளை மாற்றுவது, மருந்து வழங்கும் நேரத்தைக் குறைப்பது, துப்புரவுப் பணியை ஒப்பந்தக்காரரிடம் விடுவது எனப் பட்டியல் நீளும். இவற்றுள் சில நன்மைக்காகவே செய்யப்படுகின்றன. ஆயினும் ஒருவர்க்கு நன்மையாகும் மாற்றம் மற்றொருவர்க்குத் தடையாதல் உண்டு. அதை முன்னரே அறியும் வழி, அந்த மற்றொருவரை அழைத்துக் கேட்பது ஒன்றே.

சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்ட அளவு. மலைப்பகுதிக்கும் பழங்குடியினர் பகுதிக்கும் இவ்வளவு முறையே 3,000, 20,000 ஆகும். தலைகளை எண்ணி வகுத்த இந்த அளவு தேவையானதே. ஆனால் வரைபடத்தில் அரைக் கிலோமீட்டர் என்று தெரியும் வழி, நம் மக்களின் காலடியில் வேறு தொலைவாகிறது. அவ்வழி எந்தத் தெருவினூடே செல்கிறது, நிலையம் யாருடைய வீட்டையொட்டி இருக்கிறது, அங்கே திண்ணையில் அமர முடியுமா, முற்றத்தில் நிற்க வேண்டுமா என்பவற்றையெல்லாம் வரைபடம் காட்டாது. நம் நாட்டில் தொலைவுக்கும் சாதி உண்டு.

இது மிகைக் கூற்று அன்று. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து, ஊரக இந்தியாவில் தீண்டாமை குறித்து 2006-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு நூல், மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் மக்களின் வீடுகளுக்குச் செல்ல மறுத்தனர் என்று பதிவு செய்தது. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னர் கிடைத்த கணக்கு இது.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதியபோது தமக்கு நேர்ந்தவற்றோடு, பிறர்க்கு நேர்ந்த ஒன்றையும் எடுத்துக்காட்டினார். கத்தியவாரில் ஒரு கிராமப் பள்ளியில் பணியாற்றிய தாழ்த்தப்பட்ட வகுப்பு ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம் அது. 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. பிள்ளை பெற்ற மனைவி நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். பெரியவர்கள் சிலர் கேட்டுக்கொண்ட பின்னரே வந்தார். வந்தவரும் நோயாளியைத் தொடவில்லை. வெப்பமானியை இஸ்லாமியர் ஒருவர் கையில் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவியிடம் கொடுத்து, வந்த வழியே அது திரும்பிச் சென்றது. அந்தத் தாய் இறந்தார். மருத்துவரும் இருந்தார், மருந்தும் இருந்தது. இடையே நின்றது தீண்டாமை. மருத்துவ நிலையம் அமைந்துவிட்டது என்பதனாலேயே மருத்துவம் கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, மக்களைக் கேட்க வேண்டும் என்பது நாம் புதிதாக எழுப்பும் கோரிக்கையா என்று பார்ப்போம். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கையே நம் நாட்டின் சுகாதார அமைப்புக்கு அடித்தளம். ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட கிராமச் சுகாதாரக் குழு ஒவ்வொரு ஊரிலும் இருத்தல் வேண்டும் என்று அக்குழு அன்றே பரிந்துரைத்தது. 1978 செப்டம்பரில் அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள், தம் நல்வாழ்வுப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கு கொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்தன. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் கிராமசபைக்கு அரசமைப்புத் தகுதி அளித்தது. அதனோடு சேர்ந்த 11-ஆம் அட்டவணை, மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள் உள்ளிட்ட சுகாதாரப் பணியை ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாக வைத்தது.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை மனுச் செய்து தகவல் பெறும் சட்டம் என்று மட்டுமே பலரும் அறிவர். அதன் 4-ஆம் பிரிவு வேறொன்றும் சொல்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கையிலும் முடிவுகளை அறிவிக்கையிலும் அவை குறித்த செய்திகளை அலுவலகமே முன்வந்து வெளியிட வேண்டும். தன் முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்க்குக் கூற வேண்டும். ஒரு துணைச் சுகாதார நிலையம் இடம் மாறினால், ஏன் மாறிற்று என்று கேட்கும் தாய்க்கு விடை சொல்லுதல் சட்டக் கடமை, சலுகை அன்று.

ஆகவே உரிமை தாளில் இருக்கிறது. தாளில் இருக்கும் உரிமை தரைக்கு வரும் கதையை நம் முன்னோர் நன்கு அறிவர். பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோர்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சி தன் குளத்தை 1924-இல் தாளில் திறந்துவிட்டது. எனினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று நீரள்ளும்வரை அத்தீர்மானம் தீர்மானமாகவே கிடந்தது. அதே 1924-இல் நம் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானமும் பொதுத் தெருக்களையும் கிணறுகளையும் நமக்குத் திறந்தது. அதைத் தெருவில் நடந்து மெய்ப்பிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை இங்கு அமர்ந்திருக்கும் முதியோர் அறிவர்.

கிராமசபையின் நிலையும் இத்தகையதே. தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராமசபையைக் கூட்ட 2022-இல் வழிவகை செய்யப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருப்பினும் தனி அலுவலர் இருப்பினும் கூட்டம் கூட்டப்பட வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தாலே கூட்டம் செல்லும். ஆனால் அந்த நூறு பேர் எத்தெருவினர் என்று விதி கேட்பதில்லை. நம் தெருவிலிருந்து ஒருவரும் வராமலேயே அந்த எண்ணிக்கை நிறைந்துவிடக்கூடும். அதன் பிறகு “ஊர் மக்கள் ஒருமனதாக ஏற்றனர்” என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுக் கொடுமையையும் நினைவுகூர்தல் தகும். ஊர்க்கூட்டத்தை அறிவிக்கத் தண்டோராப் போடும் வேலை தலைமுறை தலைமுறையாக நம் மக்களின் தோளில் சுமத்தப்பட்டிருந்தது. கூட்டம் உண்டு என்று ஊரெல்லாம் முழங்கியவர்க்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. தண்டோரா முறையை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். பறை நம் தோளிலிருந்து இறங்கியது நன்று. இனி அந்த ஒலிபெருக்கி வண்டி நம் தெருவுக்குள்ளும் வருகின்றதா என்பதை நாம் பார்க்க வேண்டும்.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு நிருணய சபையில் பேசிய அண்ணல், கிராமத்தைப் புகழ்ந்தோரை மறுத்து, அது குறுகிய மனப்பான்மையும் வகுப்பு வேற்றுமையும் நிறைந்த இடம் என்று கடுமையாகச் சாடினார். அந்த எச்சரிக்கை பொய்க்கவில்லை. தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியில் அமர்ந்ததற்காக மேலவளவு முருகேசன் 1997-இல் தோழர்கள் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். தேர்தலே நடத்தவிடாமல் தடுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. இத்தகைய நாட்டில், கிராமசபையில் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கை எடுப்பது மட்டுமே கருத்துக் கேட்பு ஆகிவிடாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் நாம் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கினர் எந்த வாக்கெடுப்பிலும் தோற்பது எளிது. எண்ணிக்கையோடு, ஒரு மாற்றத்தின் சுமை யார்மேல் விழுகிறது என்பதையும் எடைபோட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நாம் அறிந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். சேரியின் எல்லையில் இருந்த துணைச் சுகாதார நிலையக் கட்டடம் பழுதடைந்தது. இடைக்கால ஏற்பாடாக, ஊர்த்தெருவில் ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்தனர். செவிலியர் நல்லவர், பணியில் குறை வைத்தவர் அல்லர். ஆனால் வீட்டுக்காரர் மனம் கோணும் என்று நம் தெருப் பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றனர். எடை பார்ப்பதும் ஊசி போடுவதும் அங்கேயே நடந்தன. வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய சோதனைக்கு மறைவிடம் இல்லை. சில மாதங்களில் கருவுற்ற பெண்கள் வருவதையே குறைத்துக்கொண்டனர். பதிவேட்டைப் பார்த்த மேலதிகாரிக்கு, “இம்மக்களுக்கு விழிப்புணர்வு போதாது” என்றுதான் தோன்றியிருக்கும்.

நம் இரவுப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். கருவுற்றோர் எத்தனை பேர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மாத்திரை வாங்குவோர் எத்தனை பேர் என்று எழுதினர். பெண்கள் தம் தெருவிலேயே ஒரு மாலை கூடி, எது வேண்டும், எது வேண்டாம் என்று பேசி முடித்தனர். அக்டோபர் 2 அன்று கிராமசபைக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தே சென்றனர். மனுவைப் படித்தவர் பத்தாம் வகுப்பில் தேறிய ஒரு மருமகள். “யார் உங்களை வர வேண்டாம் என்றது?” என்று ஒருவர் கேட்டார். “யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா, உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை” என்று அவர் விடையளித்தார். தீர்மானப் புத்தகத்தில் அது பதியப்படும்வரை ஒருவரும் எழுந்து செல்லவில்லை. நிலையம் முதலில் பள்ளியையொட்டிய பொதுக்கட்டடத்திற்கு மாறியது; பின்னர் ஊருக்கும் சேரிக்கும் இடைப்பட்ட புறம்போக்கு நிலத்தில் புதிய கட்டடம் எழுந்தது. வயல்வேலை முடிந்து வருவோர்க்காக வாரம் ஒருநாள் மாலையிலும் நிலையம் திறந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு மட்டும் இன்றளவும் விடை வரவில்லை. அதையும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவம் கற்றறிந்தோர் துறையாயிற்றே, பாமர மக்களுக்கு அதில் என்ன தெரியும் என்று வினவுவோர் உளர். எந்த நோய்க்கு எம்மருந்து என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அதில் நாம் தலையிடவில்லை. எந்த நேரத்தில் நாற்று நடவுக்குப் போகிறோம், எந்தப் பேருந்து எப்போது வரும், மழைக்காலத்தில் எந்த ஓடை பெருகும், எந்த வாசலில் நமக்குக் கூச்சம் என்பவற்றை நம்மையன்றி யார் அறிவார்? மருத்துவர் அறிவும் மக்கள் அறிவும் சேர்ந்தாலன்றிச் சுகாதார நிலையம் முழுமை பெறாது.

இதை ஏற்றுச் சட்டமாக்கிய நாடுகள் உண்டு. பிரேசில் நாட்டில் 1990-இல் இயற்றிய சட்டத்தின் வழி ஊர்தோறும் சுகாதார மன்றங்கள் அமைந்தன. அவற்றின் இடங்களில் பாதி, மருத்துவப் பணியைப் பயன்படுத்தும் மக்களுக்கே உரியது. தாய்லாந்தில் 2007-ஆம் ஆண்டின் தேசிய நல்வாழ்வுச் சட்டம் மக்களும் அலுவலரும் அறிஞரும் கூடிப் பேசும் நல்வாழ்வுப் பேரவையை நிறுவியது. நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்கீழ் 2007-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மக்களே சுகாதாரப் பணிகளைக் கண்காணிக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு என மதிப்பிட்டு, எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தம் ஊர் நிலையத்திற்கு மதிப்பெண் இட்டார். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் சுகாதாரப் பேரவைகளும் கூட்டப்பட்டன. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. வாசலுக்கு வருபவர் எந்தத் தெருவின் வாசல் வரை வருகிறார் என்று கேட்கவும், மக்களைத் தேடி மருத்துவம் வருவதுபோல் மக்களைத் தேடிக் கருத்துக் கேட்பும் வரட்டும் என்று கோரவும் நமக்கு உரிமை உண்டு.

இனி நாம் செய்ய வேண்டுவன எவை? முதலாவதாக, சுகாதாரப் பணியில் எந்த மாற்றம் வருவதாயினும் கிராமசபைக்கு முன்னதாக நம் தெருவிலேயே, மாலை வேளையில், அலுவலர் முன்னிலையில் ஒரு கூட்டம் நடத்துமாறு எழுதிக் கேட்க வேண்டும். இரண்டாவதாக, அதில் பெண்கள் முதலில் பேச வேண்டும். பிரசவமும் குழந்தை வளர்ப்பும் முதியோர் பணிவிடையும் அவர்கள் தோளில் இருக்க, ஆண்கள் மட்டும் கருத்துரைப்பது முறையன்று. மூன்றாவதாக, மருத்துவமனையின் தரையைக் கழுவி, கழிவை அகற்றும் துப்புரவுத் தொழிலாளரின் கருத்தையும் கேட்க வேண்டும். அவர்களுள் மிகப் பலர் நம்மவர். கையுறையின்றி ஊசிக் கழிவை அள்ளுவோர்க்குத் தெரிந்த குறைகள் மேலதிகாரியின் ஆய்வறிக்கையில் இடம்பெறுவதில்லை. நான்காவதாக, சொன்னது சொன்னவாறே தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும். ஐந்தாவதாக, ஏற்காத கோரிக்கைக்குக் காரணம் கேட்டு எழுத வேண்டும். விடை வராவிடில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு அனுப்ப வேண்டும். முப்பது நாளில் விடை தருவது அலுவலகத்தின் கடமை.

இவை அனைத்திற்கும் எழுத்தறிவு வேண்டும். மனு எழுதவும், கணக்கெடுக்கவும், தீர்மானத்தைப் படித்து “இது நாங்கள் சொன்னதன்று” என்று நிமிர்ந்து கூறவும் கல்வி வேண்டும். இச்சங்கத்தில் பயின்று அலுவலராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தோர் பலர் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வேலை உங்கள் குடும்பத்தை உயர்த்தியது, மகிழ்ச்சி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராமசபை நாளில் உங்கள் ஊருக்கு வாருங்கள். முன்வரிசையில் அமர வேண்டியதில்லை. மனு எழுதும் பிள்ளையின் அருகில் அமர்ந்து, ஒரு பிழையைத் திருத்திக் கொடுங்கள், அது போதும்.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தது. வரும் ஆண்டுகளில் அவ்வெழுத்து தீர்மானப் புத்தகங்களில் ஏறட்டும். நம்மைப் பற்றிய முடிவு நம்மைக் கேட்டே எடுக்கப்படும் நிலை வரும்வரை, கூட்டந்தோறும் சென்று அமர்ந்து, கேட்டதையே மீண்டும் கேட்போம்.